முந்தானைக்கு மேல் வைத்த ஸ்டெதஸ்கோப்

அன்புச்செல்வியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் அழுததையும் அலறியதையும் மூச்சுத் திணறியதையும் தியேட்டரில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். சினிமாவில் கதாநாயகிக்குப் பிரசவ வலி வந்தால், அவளுக்கு வசனம் பேசுகிற பெண் அந்த அலறலை அலற மாட்டாள். தொண்டை போய்விடும், மறுநாள் வேலை கெட்டுவிடும். அதற்கென்று கோடம்பாக்கத்தில் எங்களைப் போல நாலைந்து பேர் இருக்கிறோம். கிணற்றில் குதிப்பவள், தீயில் மாட்டிக்கொண்டவள், துரத்துகிறவனுக்குப் பயந்து ஓடுகிறவள், சாகக் கிடப்பவள், இவர்களுடைய மூச்சும் முனகலும் எங்கள் பங்கு. அதில் அன்புதான் முதல் ஆள்.

நான் நஸ்ருன்னிசா, திருவல்லிக்கேணிக்காரி. வீட்டில் உருது, தெருவில் தமிழ், மைக் முன்னால் கூட்டத்தில் ஒருத்தி. அன்புவோடு ஒரே மைக்கில் நின்று வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். அவளுக்கு நடந்ததை ஒருவரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். ஆறிப்போன பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், கோபம் ஆறுவதாக இல்லை.

அன்பு குள்ளமாக, உருண்டையாக, எப்போதும் கைப்பையில் முறுக்குப் பொட்டலத்தோடு வருவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கையைக் காட்டியதும் “அம்மா... அய்யோ...” என்று குழந்தை பெற்று முடிப்பாள். பதிவு விளக்கு அணைந்த அடுத்த நொடி, “பொண்ணா பையனாப்பா? டீ சொல்லு” என்பாள். அறை முழுக்கச் சிரிக்கும். வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. கணவர் துரைராஜ் படப்பிடிப்பில் லைட்மேன். ஒரே மகள் தமிழ்நிலா, கல்லூரியில் படிக்கிறாள்.

நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் அவளுக்கு அந்த மூன்று மாடி ஆகாமல் போனது.

“படி ஏறங்காட்டியும் உசுரு போயி உசுரு வருதுக்கா. படுத்தா மூச்சு முட்டிக்கினே கீது. தலைக்கு ரெண்டு தலகாணி வெச்சாதான் கண்ண மூட முடியுது” என்றாள்.

துரைராஜிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். “உடம்பு ஏறிப்போச்சு, முறுக்க நிறுத்து” என்றாராம்.

சரி என்று நான்தான் தி.நகரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நடுத்தர வயது, நல்ல மனிதர் என்று பெயர். ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானைக்கு மேலே, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு தடவை வைத்தார். திரும்பி உட்காரச் சொல்லி முதுகில், ஜாக்கெட்டுக்கு மேலே ஒரு தடவை வைத்தார். அவ்வளவுதான். சேலை, ஜாக்கெட், உள்ளே பாடி, இத்தனையும் தாண்டி எந்த இதயம் அவர் காதில் வந்து பேசும்? அன்புவும் முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அப்படித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். அவருக்கும் கூச்சம், இவளுக்கும் கூச்சம். நடுவில் நோய் சொகுசாக உட்கார்ந்துகொண்டது.

“என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

“டப்பிங் சார். சினிமால மூச்சு வாங்குறது, அழுவுறது...”

அவர் சிரித்தார். “அதான் இவ்வளவு நல்லா மூச்சு வாங்கிக் காட்டறீங்க. வேலையை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கம்மா. இது கேஸ்.”

வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்புவும் அசடு வழியச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு போன இடங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி உங்களை அலுக்கவைக்க மாட்டேன். ஒருவர் ரத்தம் கம்மி என்று இரும்பு டானிக் கொடுத்தார். ஒருவர் இந்த வயதில் பெண்களுக்கு எல்லாம் நிற்கிற நேரம், அப்படித்தான் படபடக்கும் என்றார். நின்றுவிட்டதா என்று அவளிடம் கேட்கவே இல்லை. இன்னொருவர் வீட்டில் ஏதாவது பிரச்னையா என்று, அன்றைக்கு மட்டும் கூட வந்திருந்த துரைராஜைப் பார்த்துக் கேட்டுவிட்டு மனசை அமைதிப்படுத்த மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு அவள் மைக் முன்னால் நின்றபடியே தூங்கி வழிந்தாள். அத்தனை பேரும் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள். அத்தனை பேரும் முந்தானைக்கு மேலேதான் வைத்தார்கள்.

இந்த லட்சணத்தில் துரைராஜுக்கு ஒருநாள் நெஞ்சு எரிந்தது. சைதாப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து படுத்தவர், மார்பைத் தடவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அன்பு மூன்று மாடி இறங்கி ஓடி, ஆட்டோ பிடித்து, திரும்ப மூன்று மாடி ஏறி அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் சட்டையைக் கழற்றியாயிற்று. மார்பு முழுக்க ஈசிஜிக்கு ஒட்டியாயிற்று. ரத்தம் எடுத்தாயிற்று. விடிந்ததும் இதயத்தை ஸ்கேன் பண்ணுகிற எக்கோ, அதற்கு மறுநாள் ஓடுகிற பட்டையில் நடக்கவைத்து ஒரு சோதனை. பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்து நர்ஸ் என்ன சொன்னாள் தெரியுமா?

“டென்ஷன் ஆவாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவாது.”

ஒன்றும் ஆகவில்லைதான். எல்லாம் பார்த்துவிட்டு அவருக்கு வெறும் வாயுத் தொந்தரவு என்று சொல்லி அனுப்பினார்கள். வாயு அவருக்கு, வாயு மாத்திரை இவளுக்கு. நோய் இவளுக்கு, எக்கோ அவருக்கு. அதே வீடு, அதே கட்டில், இரண்டு நெஞ்சு. ஒரு நெஞ்சைத் திறந்து பார்க்க ஊரே ஓடி வந்தது. இன்னொன்றின் மேலிருந்த துணியை விலக்க ஒரு கை வரவில்லை.

அந்த வருஷம்தான் அவளுக்குப் பெரிய பெயர் வந்தது. ஒரு படத்தில் கதாநாயகி மலை மேல் இருக்கிற கோயிலுக்கு ஓடி ஏறி, படியிலேயே விழுந்து உயிரை விடுவாள். அன்பு ஒரே டேக்கில் முடித்தாள். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். இவ்வளவு இயற்கையாக ஒரு மூச்சிரைப்பை நான் கேட்டதே இல்லை என்றார். அன்பு பெஞ்சில் போய்ப் படுத்துவிட்டாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தது. விளக்கு அணைந்தும் நிற்கவில்லை, டீ வந்தும் நிற்கவில்லை. படம் வந்தபோது தியேட்டரில் ஜனம் அழுதது, விசிலடித்தது. நோயாளி ஒருத்தி மூச்சுக்குத் தவித்ததை ஊர் காசு கொடுத்து வாங்கிக் கேட்டுவிட்டுப் போனது.

இப்படி மூன்று வருஷம் போனது. அதற்குப் பிறகு அவள் குரல் கட்டியது.

சளி பிடித்த கட்டு இல்லை. பேசினால் பாதி காற்றாக வரும். அலறினால் ஊதல் மாதிரி ஒரு சத்தம். எங்களுக்கு வேலை பிடித்துத் தருகிற புகழேந்தி அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“இன்னா அன்பு இது? கிளைமாக்ஸ் இன்னும் மிச்சம் கீதே! வா, உடனே டாக்டராண்ட போலாம்.”

அன்றைக்கே அபிராமபுரத்தில் தொண்டைக்குப் பேர் போன ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினார். தன் காரிலேயே கூட்டிப் போனார். மூச்சு போய்க்கொண்டிருந்தபோது வேலை தருகிறவர்கள் யாரும் ஆட்டோவுக்குக்கூடக் கைகாட்டவில்லை. குரல் போனதும் கார் வந்தது. மூச்சு அவளுடையது, குரல் அவர்களுடையது. வேறு எப்படிப் புரிந்துகொள்ளச் சொல்கிறீர்கள்?

ஆனால் அந்தக் கார்தான் அவளைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் நீரஜா, இளம்பெண். மூக்கு வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“குரல் நாண் ரெண்டுல இடது பக்கம் இருக்கறது அசையவே மாட்டேங்கறது. அதுக்குப் போற நரம்பு நேரா வராது, நெஞ்சுக்குள்ள இறங்கித் திரும்பி மேல வரும். உங்களுக்குத் தொண்டையில ஒண்ணுமில்லம்மா. நெஞ்சுல ஏதோ ஒண்ணு அந்த நரம்பை நசுக்கறது. மூச்சு வாங்குமா?”

அன்பு என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. எல்லா இடத்திலும் அவளாகத்தான் சொல்லியிருக்கிறாள், எதிரில் இருந்தவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள்.

“மூணு வருசமா மேடம்” என்றாள்.

நீரஜா புகழேந்தியை வெளியே போகச் சொன்னார். திரையை இழுத்து மூடினார். “நான் காது மூக்கு தொண்டை டாக்டர்தான், ஆனா எனக்கும் ஸ்டெதஸ்கோப் பிடிக்கத் தெரியும். ஜாக்கெட்டைத் தளர்த்திண்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கோ” என்றார். இடது மார்பைக் கையால் மெதுவாகத் தூக்கி, அதற்குக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“இதுக்கு முன்னாடி யாரும் இங்க வெச்சுப் பாக்கலையா?”

“இல்ல மேடம்.”

“ஒருத்தர்கூடவா?”

அவருக்கு வந்தது கோபம் என்று எனக்குத் தெரிந்தது. அதற்காகவே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நீரஜா சீட்டு எழுதி அனுப்பிய இதய டாக்டர் ஸ்ரீரங்கன் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். எக்கோ எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. இதயத்தின் இடது பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கிற வால்வு சுருங்கி, சாவித்துவாரம் மாதிரி ஆகியிருந்தது. ரத்தம் இறங்க வழியில்லாமல் மேல் அறை பலூனாக வீங்கி, அதுதான் குரல் நரம்பை நசுக்கியிருந்தது.

“சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கினதுண்டா?” என்று கேட்டார்.

அன்பு யோசித்துச் சொன்னாள். உண்டு. பள்ளிக்கூடம் போகிற வயதில் முட்டியெல்லாம் வீங்கிப் படுத்திருக்கிறாள். அந்தக் காய்ச்சல் திரும்ப வந்து இதயத்தைக் கெடுக்காமல் இருக்க மாதாமாதம் ஊசி போட வரச் சொன்னார்களாம். வயதுக்கு வந்ததும் அவள் அம்மா ஊசியை நிறுத்திவிட்டார். ஊசி போடுகிற கம்பவுண்டர் ஆம்பளை, போடுகிற இடமோ இடுப்புக்குக் கீழே. அதற்கு மேல், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவார்கள்? அவள் தம்பிக்கும் அதே காய்ச்சல் வந்தது. அவனுக்கு ஊசி நிற்கவே இல்லை. அவன் இப்போது தாம்பரத்தில் நன்றாகப் பந்து விளையாடிக்கொண்டு இருக்கிறான், இருக்கட்டும்.

“தமிழ்நிலா பொறந்தப்பவும் மூச்சு வாங்குச்சு சார். மொத பிள்ளைக்கு எல்லாருக்கும் அப்டித்தான்னு சொன்னாங்க.”

ஸ்ரீரங்கன் தலையசைத்தார். “இந்த வகை வால்வு நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகமா வருது. ரெண்டு மூணு வருஷம் முன்னால வந்திருந்தா தொடை வழியா ஒரு பலூனை விட்டு வால்வை விரிச்சிருப்போம். ரெண்டே நாள்ல வீடு. இப்போ வால்வுல சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு. நெஞ்சைத் திறந்துதான் மாத்தணும். சீக்கிரம் செய்யணும். ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?”

லேட்டாக வந்தாளாம்! என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

“அவ லேட்டா வரல சார். வந்துக்கினேதான் இருந்தா. பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வரும்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியும்ல? அப்போ ஒரு பொம்பள வந்து மூச்சு வாங்குதுன்னு சொன்னா மொதல்ல அதத்தானே பாக்கணும்? கேஸு, டென்ஷனு, நடிப்புன்னு சொன்னா இன்னா அர்த்தம்?”

அவர் எக்கோ காகிதத்தை மறுபடி புரட்டினார். கெட்டவர் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்த பிறகு வீட்டில் இடறியது. துரைராஜ் வெளியூர்ப் படப்பிடிப்பில் பொள்ளாச்சியில் இருந்தார். போனில், “இத்தினி நாளு இருந்துட்டா, இன்னும் ஒரு மாசத்துல இன்னா ஆயிடப் போவுது? ஷெட்யூல் முடிஞ்சு வந்துடறேன்” என்றார். போனைப் பிடுங்கி நான் பேசினதை இங்கே எழுத முடியாது. அன்புவோ அதற்கு மேல். கட்டிலில் சாய்ந்துகொண்டு, காற்றாய் வருகிற குரலில், “வூட்ல யாருக்கா ஆக்குவாங்க?” என்கிறாள். செத்துப் போகிறாய் என்கிறார்கள், இவள் சோற்றுப் பானையைப் பற்றிப் பேசுகிறாள்.

தமிழ்நிலாதான் முடிவு கட்டினாள். “நான் ஆக்குறேன்மா. வரலன்னா கடைல வாங்கித் துன்றோம். யாரும் செத்துப்போவ மாட்டோம். நீதான் செத்துப்போவ. கிளம்பு” என்று பையைத் தூக்கிக்கொண்டாள். நானும் அவளுமாக அன்புவைப் படியில் உட்கார்த்தி உட்கார்த்தி இறக்கினோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் துரைராஜும் வந்து சேர்ந்தார். அழுதார். பொய் அழுகை இல்லை, அந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு வித்தியாசம் தெரியும். ஆனாலும் அந்த அழுகை மூன்று வருஷம் முன்னால் ஒரு ஆட்டோ பிடித்திருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். பிழைத்தாள். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரே தலையணையில் மூச்சு விட்டதைப் பார்த்து நான் பாத்ரூமில் போய் அழுதேன். குரல் மட்டும் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில், நானும் தமிழ்நிலாவும் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கன் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, துரைராஜைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“பாருங்க சார், உள்ள இருக்கறது மெட்டல் வால்வு. ரத்தம் உறையாம இருக்க இந்த மாத்திரையை ஆயுசுக்கும் போடணும். கம்மியாப் போச்சுன்னா வால்வுல கட்டி அடைச்சுக்கும். ஜாஸ்தியாப் போச்சுன்னா எங்கேயாவது ரத்தம் போகும். ரெண்டுமே ஆபத்து. குறிப்பிட்ட இடைவெளியில ரத்தம் டெஸ்ட் பண்ணி அளவை மாத்தணும். கீரை திடீர்னு அதிகமா கொடுக்காதீங்க. அப்புறம், அவங்களுக்கு...”

துரைராஜின் போன் அடித்தது. “ஒரு நிமிசம் சார்” என்று எடுத்தார். “சொல்லுண்ணே... ஆமாண்ணே, ஆஸ்பத்திரிலதான்...” டாக்டர் காத்திருந்தார். ஜன்னலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்க்கவில்லை. ஒரு மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் உயிர் போகிறவள் அங்கே விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டு, போனில் லைட்டுக் கணக்குப் பேசுகிற மனிதர் முடிப்பதற்காக டாக்டர் நிற்கிறார்.

“டாக்டர்” என்றாள் அன்பு. காற்றுதான் வந்தது. அவருக்குக் கேட்கவில்லை.

அவள் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினாள். வார்டு முழுக்கத் திரும்பியது. துரைராஜ் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“வால்வு எனுக்குத்தானே சார் வெச்சீங்க? என்னாண்ட சொல்லுங்க.”

ஸ்ரீரங்கன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“எனுக்கு மாசா மாசம் போறதே ஜாஸ்தி சார். இன்னும் நிக்கல. இந்த மாத்திர போட்டா இன்னும் ஜாஸ்தி ஆவுமா?”

அவர் திடுக்கிட்டதை நான் பார்த்தேன். “ஆகலாம்மா. கண்டிப்பா ஆகலாம். இதை நான்தான் கேட்டிருக்கணும். இன்னிக்கே பெண்கள் டாக்டரை வந்து பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் வீட்டுக்குப் போக வேண்டாம்” என்றார். துரைராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவருக்குத் தெரியாது, அவரால் கேட்டிருக்கவும் முடியாது.

“வேற ஏதாவது கேக்கணுமாம்மா?”

“ஒண்ணு கீது சார். நாளைக்கு நான் திரும்ப வந்து மூச்சு வாங்குதுன்னு சொன்னா, எத்தினி பேராண்ட சொன்னப்பறம் நம்புவீங்க?”

“ஒருத்தர்கிட்ட சொன்னாப் போதும்மா” என்றார் ஸ்ரீரங்கன்.

“அந்த ஒருத்தர் யாருன்னு பேரச் சொல்லுங்க சார்” என்றாள் அன்பு. “பொண்ணு எழுதிக்கட்டும்.”